குளிர்காலத்துக்கு நிறுத்தும் காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டியது ஒக்ரோபரிலா, ஏப்ரலிலா?

செம்மியாட்டா, ஸ்காபரோ
செப்டெம்பர் 21

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2004ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டா ஒன்று இருக்கிறது. இருவர் மட்டும் அமரக்கூடிய, துணிக்கூரை உள்ள அந்தக் காரை இரண்டு வருடங்களுக்கு முன்பு வாங்கினேன். அன்றாடம் வேலைக்குப் போய்வர வேறொரு கார் இருப்பதால், மியாட்டாவை மே மாதத்திலிருந்து ஒக்ரோபர் வரை மட்டுமே ஓட்டுகிறேன். வருடத்துக்கு 4,000 கிலோமீற்றருக்கு மேல் போவதில்லை. பனியை உருக்க, காரைத் துருப்பிடிக்கவைக்கும் உப்பை வீதியில் போடத் தொடங்குமுன் அதை ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக் கராஜில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். அந்தக் கராஜில் மின்சாரம் இருக்கிறது, வெப்பமூட்டும் வசதி கிடையாது.

என் கேள்வி, பராமரிப்பு வேலைகளில் எவற்றை நிறுத்துவதற்கு முன்பும் எவற்றை வசந்தத்தில் வெளியே எடுக்கும்போதும் செய்வது என்பதைப் பற்றியது. கடைசியாக மே மாத ஆரம்பத்தில் எண்ணெய் மாற்றினேன். அதன்பிறகு 3,900 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறது. கையேடு சொல்லும் தூரத்தில் பாதிகூட ஆகவில்லை. இந்த எண்ணெயோடு நிறுத்திவிட்டு ஏப்ரலில் மாற்றினால் கோடை முழுவதும் புது எண்ணெயோடு ஓடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கோ நிறுத்துவதற்கு முன்புதான் மாற்ற வேண்டும் என்கிறார். காரணத்தை விளக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

போன குளிர்காலத்தில் என் கவனக்குறைவால் நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மைத்துனர் வீட்டுக்குப் போய், எஞ்சினை இயக்கிப் பத்து நிமிடம் ஓடவிட்டு வந்தேன். காருக்கு அது நல்லது என்றே நம்பியிருந்தேன். ஏப்ரலில் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்தபோது, அதன் அடிப்புறம் முழுவதும் கெட்டித் தயிரைப் போல வெளிறிய மஞ்சள் நிறப் பசை படிந்திருந்தது. கைப்பிரேக்கை இழுத்துவைத்துவிட்டுப் போனதால் பின்சக்கரங்களில் ஒன்று அசையவே மறுத்தது. கியரில் போட்டு மெதுவாக முன்னுக்கும் பின்னுக்கும் உந்தியபோது வெடிபோன்ற சத்தத்துடன் விடுபட்டது.

இந்த முறை முறையாகச் செய்ய விரும்புகிறேன். பிரேக் திரவம் இரண்டு வருடங்களுக்கு முன்பு மாற்றியது. ரேடியேற்றர் நீர் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாது. ஜூலையில் மட்டம் குறைந்திருந்ததால் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் ரைமிங் பெல்ற் மாற்றியதற்கான பற்றுச்சீட்டு எதுவும் பழைய உரிமையாளரிடமிருந்து கிடைக்கவில்லை. மானி 96,000 கிலோமீற்றரைக் காட்டுகிறது. நவம்பர் நடுப்பகுதியிலிருந்து வீதிக் காப்புறுதியை இடைநிறுத்தலாம் என்று முகவர் சொல்லியிருக்கிறார். இவற்றை எந்த வரிசையில், எந்த மாதத்தில் செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


பழைய ஸ்பானர், மார்க்கம்
செப்டெம்பர் 22

தம்பி, உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அவர் சொல்லாமல் விட்ட காரணத்தை நான் சொல்கிறேன்.

எஞ்சின் எண்ணெய் ஓடிய தூரத்தால் மட்டும் பழுதாவதில்லை. பெற்றோல் எரியும்போது உண்டாகும் நீராவியிலும் அமிலத்தன்மையுள்ள கழிவிலும் ஒரு பங்கு பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எண்ணெயில் கலக்கிறது. எரியாத பெற்றோலும் கொஞ்சம் சேர்கிறது. கார் தினமும் நீண்ட தூரம் ஓடினால் எஞ்சின் சூட்டில் நீரும் பெற்றோலும் ஆவியாகிப் போய்விடும். அமிலத்தை எண்ணெயில் உள்ள சேர்மங்கள் முறியடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சேர்மங்கள் பாதி தேய்ந்துபோன பழைய எண்ணெயை ஐந்து மாதம் அசையாமல் நிற்கவிட்டால், அந்த அழுக்கு பெயரிங்குகளின் மென்மையான உலோகத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் 3,900 கிலோமீற்றர்தான் ஓடினேன் என்கிறீர்கள். அந்த 3,900இல் எத்தனை தடவை எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்தினீர்கள் என்பதைத்தான் நான் கேட்பேன்.

ஆகவே ஒக்ரோபரில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுங்கள். மாற்றிய கையோடு நிறுத்தாமல், புது எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்படி 20 நிமிடமாவது நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். வசந்தத்தில் அதை மறுபடி மாற்ற வேண்டியதில்லை. எஞ்சினுக்குள் அசையாமல் நின்ற சுத்தமான எண்ணெய் ஐந்து மாதத்தில் கெடாது. அடுத்த ஒக்ரோபர் வரை அதே எண்ணெயோடு உங்கள் 4,000 கிலோமீற்றரையும் ஓடலாம். வருடத்துக்கு ஒரே எண்ணெய் மாற்றம்தான். அதை இலையுதிர் காலத்துக்கு நகர்த்துகிறீர்கள், அவ்வளவே. இந்த எஞ்சினில் வடிகட்டி, காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதிக்குக் கீழே ஒளிந்திருக்கும். மேலிருந்து கை போகாது. வலப்பக்கச் சக்கரத்தைத் திருப்பிவைத்துக் கீழிருந்து எட்டினால்தான் பிடிபடும். சூடாக இருக்கும்போது கழற்றினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள், கவனம்.

மூடியில் நீங்கள் கண்ட பசையைப் பற்றி. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். பலருக்கு இது நம்பமுடியாததாக இருக்கும், ஆனால் இரசாயனக் கணக்கு அதுதான். குளிர்ந்த எஞ்சினைப் பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடும்போது அந்த நீர் வெளியே போகுமளவுக்குச் சூடு ஏறாது. எண்ணெயிலும் மூடியிலும் சைலன்சரின் அடியிலும் ஒடுங்கி நிற்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் செய்தது, எஞ்சினுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். நிறுத்திய காரை நிறுத்தியபடியே விட்டுவிடுங்கள். மே மாதத்தில் அந்த எண்ணெயை மாற்றிவிட்டீர்கள் என்பதால் பாதிப்பு இருக்காது. ரேடியேற்றர் நீரும் இடையிடையே குறைகிறது என்பதால், மூடியை இப்போது ஒருமுறை திறந்து பாருங்கள். கோடை முழுவதும் ஓடிய பிறகும் பசை இருந்தால் ஹெட் காஸ்கெற்றைச் (கசிந்தால் ரேடியேற்றர் நீரை எண்ணெயில் கலக்கவிடும் எஞ்சின் அடைப்புத் தகடு) சோதிக்க வேண்டிவரும்.

அடுத்தது ரைமிங் பெல்ற். உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். உங்கள் எஞ்சினில் சங்கிலி கிடையாது, ரப்பர் பெல்ற்தான். ரப்பருக்கு வயது ஆகிறது. 2004ஆம் ஆண்டுக் காரில் பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். அந்தப் பெல்ற்றை மாற்றக் கழற்றும்போது தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து மாற்றுவது வழக்கம், ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பம்பைக் கழற்றினால் ரேடியேற்றர் நீர் முழுவதையும் வடித்துத்தான் ஆக வேண்டும். எனவே பெல்ற் வேலையை எந்த மாதத்தில் செய்கிறீர்களோ அந்த மாதம்தான் ரேடியேற்றர் நீர் மாற்றும் மாதமும். இப்போது புது நீர் ஊற்றிவிட்டு ஏப்ரலில் பெல்ற் மாற்றினால், ஒரு வருடம்கூட ஆகாத நீரைக் கீழே ஊற்ற வேண்டியிருக்கும்.

நான் என்ன செய்யச் சொல்வேன் என்றால், ஒக்ரோபர் முதல் இரண்டு வாரத்துக்குள் பெல்ற், பம்ப், ரேடியேற்றர் நீர், எஞ்சின் எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். ஒக்ரோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை எங்கள் பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் குளிர்கால ரயர் மாற்றும் வேலையில் மூழ்கிவிடும். அந்த நேரத்தில் ஒரு நாள் முழுவதும் காரைத் தூக்கும் ஹொயிஸ்ரைப் பிடித்துவைத்திருக்கும் பெல்ற் வேலையை யாரும் விருப்பத்தோடு எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் அவசரத்தில் செய்வார்கள். ஜனவரி, பெப்ரவரியில் பட்டறைகளுக்கு நேரம் இருக்கும். ஆனால் அப்போது வீதியெல்லாம் உப்பு, உங்கள் காப்புறுதியும் நிறுத்தப்பட்டிருக்கும். இழுவை வாகனத்தில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

பெல்ற்றை ஏப்ரலுக்குத் தள்ளத்தான் வேண்டும் என்றாலும், ரேடியேற்றர் நீரை இப்போது அளக்காமல் நிறுத்தாதீர்கள். உறைதடுப்புத் திரவமும் தண்ணீரும் சரிபாதியாகச் சேர்ந்த கலவை மறை 37 பாகை வரை உறையாமல் தாங்கும். ஜூலையில் ஊற்றிய குழாய்த் தண்ணீர் அதை எவ்வளவு மேலே கொண்டுவந்திருக்கிறது என்பதை ஒரு துளி எடுத்து ரிஃபிராக்ரோமீற்றர் என்ற அளவுகருவியில் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். வெப்பமில்லாத கராஜில் அந்த விரிவைத் தாங்க முடியாமல் எஞ்சின் கட்டையே வெடித்த கார்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, நீர் ஏன் குறைந்தது என்பதையும் தேடுங்கள். அந்த வயதுக் காரில் ரேடியேற்றரின் பிளாஸ்ரிக் மேற்தொட்டி பழுப்பு நிறமாக மாறியிருந்தால் அது வெடிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள்.

பெற்றோல் தொட்டியை நிறைத்துவிட்டு நிறுத்துங்கள். ஒன்ராறியோவில் விற்கும் சாதாரண பெற்றோலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எதனோல். அது ஈரத்தை இழுக்கும். தொட்டியில் காற்றிடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கடைசியாக நிரப்பும்போது, பம்ப் கைப்பிடியைத் தூக்குமுன், போத்தலில் எழுதியிருக்கும் அளவுப்படி, பெற்றோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு நிரப்புங்கள். உங்கள் தொட்டி 48 லீற்றர். நிரப்பிய பிறகு ஓடும் அந்த 20 நிமிடத்தில் மருந்து கலந்த பெற்றோல் இன்ஜெக்ரர்கள் வரை போய்விடும். இதனால்தான் கடைசி நாள் ஓட்டத்தை வீணாக்காமல் திட்டமிடச் சொல்கிறேன். எண்ணெய், பெற்றோல் இரண்டுக்கும் அந்த ஒரே ஓட்டம் போதும்.

கைப்பிரேக் விடயத்தில் உங்களுக்கே பாடம் கிடைத்துவிட்டது. முதலாவது கியரில் போட்டு, சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள்.


குளிர் பழகியவன், காட்டினோ
செப்டெம்பர் 22

நண்பரே, மேலே பெரியவர் எஞ்சின் பக்கத்தை முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் சென்னையிலிருந்து இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஒட்டாவா ஆற்றின் இந்தக் கரையில் உங்கள் ஊரைவிடக் குளிர் கடுமை. எனவே பேட்டரி, டயர், காப்பீடு ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மியாட்டாவில் பேட்டரி முன்னால் இல்லை, பின்பக்க டிக்கியின் வலது மூலையில் இருக்கிறது. பொதுவான கார் பேட்டரியைவிடச் சிறியது. பழைய கார் நிற்கும்போதும் கடிகாரத்துக்கும் கணினிக்குமாக 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர் மணி ஆகிறது. பேட்டரியின் கொள்ளளவு 30 ஆம்பியர் மணி என்றால் இரண்டே மாதத்தில், அதாவது குளிர் உச்சத்தில் இருக்கும் ஜனவரியில், அது காலியாகிவிடும். முழுதாக மின்னேற்றிய பேட்டரி மறை 50 பாகையிலும் உறையாது. முற்றிலும் காலியான பேட்டரியோ மறை 10 பாகைக்கு முன்பே உறைந்து, உள்ளே தகடுகள் வளைந்து, பெட்டியும் பிளந்துவிடும். மைத்துனர் வீட்டில் மின்சாரம் இருக்கிறது என்கிறீர்கள், ஆகவே மின்னேற்றத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் பேட்டரி மெயின்டெய்னர் ஒன்றை வாங்கி முதல் நாளிலிருந்தே இணைத்துவையுங்கள். சாதாரண சார்ஜரை மாதக்கணக்கில் இணைத்து வைக்கக் கூடாது. உங்கள் காரில் வைத்திருப்பது ஏ.ஜி.எம். (அமிலம் கண்ணாடி நாரில் ஊறியிருக்கும்) வகை பேட்டரியா என்று பார்த்து, அதற்கு ஏற்றதாக வாங்குங்கள். டிக்கியிலிருந்து வாயு வெளியேறும் மெல்லிய குழாய் ஒன்று பேட்டரியில் செருகப்பட்டிருக்கும். பேட்டரியை எப்போதாவது கழற்றி மாட்டினால் அந்தக் குழாயை மறந்துவிடாதீர்கள்.

டயர்களைப் பொறுத்தவரை, நீங்கள் கோடைக்கால டயர்கள்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 7 பாகைக்குக் கீழே அந்த ரப்பர் இறுகி, பிடிப்பை இழக்கத் தொடங்கும். உறைபனிக்கு வெகு கீழே போனால் வளையும்போது வெடிப்பு விழவும் கூடும். மார்ச்சில் ஒரு நாள் வெயில் அடித்து 4 பாகை காட்டினால் கை பரபரக்கும். அன்றைக்கு வெளியே எடுக்காதீர்கள். எங்கள் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம் என்பதால் எங்களுக்கு அந்தச் சஞ்சலம் வருவதில்லை. உங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லை, நீங்களேதான் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தும்போது வழக்கமான காற்றழுத்தத்தைவிட நான்கைந்து பி.எஸ்.ஐ. கூட்டி வையுங்கள், டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கும்போதெல்லாம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. இறங்கும். ஒக்ரோபரின் 15 பாகையில் சரியாக இருந்தது ஜனவரியின் மறை 15இல் ஐந்து, ஆறு குறைந்துபோய், ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிடும்.

டயருக்கு இரண்டு வருடம் ஆகிறதா, எட்டு வருடம் ஆகிறதா என்று இப்போதே பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 3517 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்யப்பட்டது என்று பொருள். மாற்ற வேண்டிய வயது என்றால் அதை ஏப்ரலில் செய்யுங்கள். புது டயரை ஐந்து மாதம் குளிரில் நிறுத்திவைக்க வாங்குவதில் பயனில்லை.

காப்பீட்டில் ஒன்றை மிகுந்த அக்கறையுடன் சொல்கிறேன். ஒன்ராறியோவில் வீதிக் காப்பீட்டை இடைநிறுத்தும் உடன்படிக்கை ஓ.பி.சி.எஃப். 16, மீண்டும் தொடங்குவது ஓ.பி.சி.எஃப். 17. இடைநிறுத்திய நாளிலிருந்து மீண்டும் தொடங்கும் நாள் வரை காரை வீதியில் ஓர் அடிகூட ஓட்டக் கூடாது, மெக்கானிக்கிடம் கொண்டுபோவதற்கும்கூட. காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் குற்றத்துக்கே குறைந்தபட்ச அபராதம் 5,000 டாலர். ஆகவே பராமரிப்பு நாட்காட்டியை அந்த இரண்டு தேதிகளுக்கு வெளியே அமைத்துக்கொள்ளுங்கள். திருட்டு, தீ போன்றவற்றுக்கான பகுதியை மட்டும் குளிர்காலம் முழுவதும் தொடரச் சொல்லி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.


செம்மியாட்டா, ஸ்காபரோ
செப்டெம்பர் 23

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூடியைத் திறந்து பார்த்தேன், அடிப்புறம் சுத்தமாக இருக்கிறது. பெல்ற், தண்ணீர்ப் பம்ப் இரண்டையும் ஒக்ரோபரிலேயே செய்வது என்று முடிவெடுத்துவிட்டேன். அண்ணா, ரேடியேற்றரின் மேற்தொட்டியைப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டியது பச்சையும் பழுப்பும் கலந்த நிறமாக இருக்கிறது, ஆகவே அதையும் சேர்த்து மாற்றச் சொல்லப்போகிறேன்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். பிரேக் திரவத்துக்கு இந்த ஒக்ரோபரோடு இரண்டு வருடம் முடிகிறது. அதையும் இப்போதே மாற்றிவிட்டால், புதுத் திரவம் ஓடாமலே ஐந்து மாதம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் அல்லவா? அதை மட்டும் வசந்தத்துக்கு விடலாமா?


நிதானம், வாட்டர்லூ
செப்டெம்பர் 24

இந்தக் கேள்வியில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பொதுவாக நான் வசந்தத்துக்கே வாக்களிப்பவன். உங்கள் காருக்கு மட்டும் ஒக்ரோபரைச் சொல்வேன்.

கிளைக்கோல் வகைப் பிரேக் திரவம் இறப்பர்க் குழாய்கள் வழியாகவும், தொட்டி மூடி வழியாகவும் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல இழுக்கிறது. டொட் 3 என்ற தரத்துத் திரவத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை. 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் 140 பாகை இருந்தால் போதும் என்று தரம் அனுமதிக்கிறது. டொட் 4இல் இவை 230, 155. கொதிநிலை இறங்குவது மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போதும் பந்தயத் தடத்திலும்தான் ஆபத்து. அந்தக் காரணத்துக்காக மட்டும் என்றால், ஓட்டம் தொடங்கும் மே மாதத்துக்குச் சற்று முன் மாற்றுவதே சிறந்தது. வருடத்தில் ஓரிரு தடவை பந்தயத் தடத்துக்குப் போகிற நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் திரவத்தில் சேர்ந்த நீர் கொதிநிலையைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பிரேக் பட்டைகளை அழுத்தும் கலிப்பரின் பிஸ்ரனும் இரும்பாலான அதன் துளையும் அசையாமல் நிற்கும்போது அங்கே துருவைத் தொடங்கிவைக்கிறது. போன வருடம் உங்கள் பின்சக்கரம் ஒட்டிக்கொண்டது என்றீர்கள். மியாட்டாவில் கைப்பிரேக் பின் கலிப்பரையே இயக்குகிறது. அந்தக் கலிப்பர் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்கிறதா, அல்லது பட்டைகள் பிரேக் தட்டின் துருவோடு ஒட்டியது மட்டும்தானா என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு பட்டைகளும் சமமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாக மெலிந்திருந்தால், கலிப்பர் நகர உதவும் வழுக்கும் ஊசிகள் இறுகிவிட்டன. அவற்றைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று விற்கும் சிலிக்கோன் கிறீஸ் பூச வேண்டும்.

எப்படியும் சக்கரங்களைக் கழற்றுகிறீர்கள், திரவத்துக்கும் வயதாகிவிட்டது, கலிப்பர் மீது சந்தேகமும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் ஒக்ரோபரில் மாற்றிவிடுவதே சரி. மூடிய தொகுதியில் புதுத் திரவம் ஐந்து மாதத்தில் இழுக்கும் ஈரம் மிகக் குறைவு. ஏற்கெனவே இரண்டு வருட ஈரத்தை வைத்திருக்கும் திரவத்தோடு ஒப்பிடவே முடியாது. திரவத்துக்கு ஒரு வருடம்தான் ஆகியிருந்தால் வசந்தம் வரை காத்திருங்கள் என்று சொல்லியிருப்பேன்.


பழைய ஸ்பானர், மார்க்கம்
செப்டெம்பர் 24

வாட்டர்லூ நண்பர் சொல்வதை ஏற்கிறேன். நான் எழுத மறந்த இரண்டு விடயங்கள் உண்டு, இரண்டும் மியாட்டாவுக்கே உரியவை.

துணிக்கூரை மடங்கும் இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மழைநீர் வடியும் ஓட்டை உண்டு. அதில் மேப்பிள் இலைத் துணுக்குகளும் மண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டத்துக்குள் தேங்கி, உள்ளிருந்து வெளியே துருவேறும். வெளியில் சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு போயிருக்கும். நிறுத்துவதற்கு முன் ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால், காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் மெல்லிய நைலோன் கம்பியைப் பக்குவமாக விட்டு அடைப்பை எடுங்கள். காற்றை உயர் அழுத்தத்தில் அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிடும். எண்ணெய் வகைத் துருத்தடுப்புத் தெளிக்க நினைத்தால் அதுவும் செப்டெம்பர், ஒக்ரோபரில்தான். வெப்பம் இருக்கும்போது அது இடுக்குகளுக்குள் நன்றாக ஊர்ந்து போகும். பிரேக் வேலை முடிந்த பிறகு தெளிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிரேக் வேலை செய்பவர் எண்ணெயில் குளிக்க நேரிடும். கூரையை மூடிய நிலையிலேயே நிறுத்துங்கள், ஐந்து மாதம் மடித்துவைத்தால் மடிப்பில் வெடிக்கும்.

இரண்டாவது எலி. மார்க்கத்தின் வடக்குப் பக்கம் வயல் இருக்கும் வரை இந்தத் தொல்லை தீராது. சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் துவாரம் போதும். சைலன்சர் குழாயிலும் காற்று வடிகட்டியின் வாயிலும் இரும்பு நார் திணித்து வையுங்கள். அவற்றில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, அதே நாடாவின் இன்னொரு துண்டை ஸ்ரியரிங்கில் கட்டிவிடுங்கள், ஏப்ரலில் மறக்காமல் இருக்க. அந்துருண்டை போடாதீர்கள்; அந்த நாற்றம் துணிக்கூரையிலிருந்து ஒரு கோடை முழுவதும் போகாது.


செம்மியாட்டா, ஸ்காபரோ
ஒக்ரோபர் 26

நீங்கள் எல்லோரும் நேரம் ஒதுக்கி எழுதியதால், நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒக்ரோபர் 9ஆம் திகதி காரைப் பட்டறையில் விட்டேன். ரேடியேற்றர் நீரை வடிக்குமுன் என் கண் முன்னாலேயே அளந்தார்கள். மறை 24 பாகைதான் காட்டியது. கழற்றிய ரைமிங் பெல்ற்றை என்னிடம் தந்தார்கள். மறுபுறம் மடித்தபோது பற்களுக்கு இடையே நகக்கீறல் போன்ற வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. ரேடியேற்றரும் புதிது.

பின் இடது கலிப்பரில், வாட்டர்லூ நண்பர் சொன்னதுபோல, உட்பட்டை வெளிப்பட்டையின் பாதித் தடிப்பில்தான் இருந்தது. கீழ் ஊசியைச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. ஊசிகளையும் பட்டைகளையும் மாற்றி, திரவத்தையும் நான்கு சக்கரத்திலும் புதுப்பித்தோம். எண்ணெய் மாற்றத்தை மட்டும் அன்று செய்யவில்லை. கடைசி ஓட்டத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று நேற்று மைத்துனர் வீட்டில் நானே செய்தேன். வடிகட்டியை எட்ட அரை மணித்தியாலம் பிடித்தது.

வடிகால் ஓட்டைகளில் வலப்பக்கம் அடைத்திருந்தது. நைலோன் கம்பியை விட்டதும் கறுத்த சேறு போன்ற இலைக்கூழ் ஒரு கைப்பிடி அளவு வந்தது, அதன் பின்னால் தண்ணீர் தாரையாக ஓடியது. பெட்டிச் சட்டம் இன்னும் தட்டினால் கெட்டியாகவே ஒலிக்கிறது.

இன்று காலை 404 நெடுஞ்சாலையில் நியூமார்க்கெற் வரை போய்த் திரும்பி, வழியில் ஸ்டெபிலைசருடன் தொட்டியை நிரப்பிக் கராஜில் ஏற்றிவிட்டேன். மெயின்டெய்னரின் பச்சை விளக்கு எரிகிறது. காப்புறுதி இடைநிறுத்தம் நவம்பர் 1 என்று முகவருடன் பேசி முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மீண்டும் தொடங்கும் நாளை ஏப்ரல் 20 என்று குறித்திருக்கிறேன். அதற்குள் இரண்டு மூன்று நல்ல மழை பெய்து வீதி உப்பைக் கழுவியிருக்க வேண்டும். பெய்யாவிட்டால் ஒரு வாரம் தள்ளிப்போடுவேன். டயர்களில் 2216 என்று இருந்தது, ஆகவே புது டயர்களுக்கு அந்த வாரத்திலேயே நேரம் எடுத்துவைத்திருக்கிறேன். சிவப்பு நாடா ஸ்ரியரிங்கில் கட்டியிருக்கிறது.